இறந்தவர் விழுங்கிய மாத்திரைகள்

எங்கள் ஆஸ்பத்திரியின் சர்க்கரை நோய்ப் பிரிவு ஆண்டு மலர் போடுகிறதாம். ஓய்வுபெற்றவர்களிடமும் கட்டுரை வாங்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. என்னிடம் வேலை பழகி இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் போன் செய்தாள். இப்போதெல்லாம் சர்க்கரைக்கு மாத்திரை எழுதும் முன் நோயாளியின் இதயமும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்றுதான் முதலில் பார்க்கிறார்களாம். இந்த மாற்றத்தைக் கொண்டுவந்த மாத்திரைகள் ஆய்வில் இருந்த காலத்தில் நான் அங்கே வேலை பார்த்தவளாம். அதைப் பற்றி எழுத வேண்டுமாம். "கொஞ்சம் ஊக்கம் தர்ற மாதிரி எழுதுங்க மேடம்" என்று முடித்தாள். ஊக்கம் என்ற சரக்கு என் கடையில் என்றைக்கும் இருப்பில் இருந்ததில்லை. இருப்பதை எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

சொந்த ஊர் தாராபுரம். கோவையில் பி.பார்ம். படித்தேன். அதே ஊரில் ஓர் ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில் கம்பிக்குப் பின்னால் பத்துப் பதினைந்து வருடம் நின்றேன். அதில் கற்றது ஒன்றுதான்: டாக்டர் எழுதுவது வேறு, கடையில் இருப்பது வேறு, நோயாளி சாப்பிடுவது வேறு. இந்த ஞானத்தோடு நான் மருந்து ஆய்வுப் பிரிவுக்குக் கோ-ஆர்டினேட்டராகப் போனேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் யாராக இருந்தாலும் எங்கள் பக்கத்தில் 'சிஸ்டர்'தான். முதலில் திருத்திப் பார்த்தேன். பிறகு நானே என்னை அப்படி அறிமுகம் செய்துகொள்ளத் தொடங்கினேன்.

அந்தக் காலத்துச் சர்க்கரை வைத்தியத்துக்கு ஒரே தெய்வம் ரத்தத்தில் சர்க்கரை அளவு. அந்த எண் இறங்கினால் மருந்து நல்ல மருந்து, டாக்டர் நல்ல டாக்டர், நோயாளி நல்ல பிள்ளை. நோயாளிகளும் கெட்டிக்காரர்கள், பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்து சோற்றைத் தொடாமல், பரீட்சைக்கு முந்தின இரவு படிக்கும் மாணவனைப்போல் எண்ணை இறக்கிக்கொண்டு வந்து, பாராட்டு வாங்கிக்கொண்டு, போகும் வழியில் பேக்கரியில் இறங்கிவிடுவார்கள். இதற்கிடையில் ஒரு மாத்திரை வந்தது. எண்ணை அழகாக இறக்கும். ஆனால் உடம்பில் தண்ணீரைத் தேக்கும். இதயம் திடமாக உள்ளவருக்குக் கொஞ்சம் கால் வீங்கும், அவ்வளவுதான். இதயம் ஏற்கெனவே தளர்ந்தவருக்கோ நுரையீரல் வரை தண்ணீர் ஏறும். ஒரு மில் வாட்ச்மேனுக்கு அதை எழுதினார்கள். மூன்றாம் மாதம் அவருடைய சர்க்கரை அளவு அந்த வாரத்து நோயாளிகளிலேயே சிறந்ததாக இருந்தது. அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். படுக்க முடியவில்லை. பிறகு படுத்தார், எழவில்லை.

இவரைப் போன்றவர்கள் உலகம் முழுக்க இருந்திருக்க வேண்டும். புதிதாக வரும் எந்தச் சர்க்கரை மாத்திரையும் இதயத்தைக் கெடுக்கவில்லை என்று முதலில் காட்ட வேண்டும் என்று பெரிய நாடுகளில் விதி போட்டார்கள். அப்படிக் காட்ட ஆயிரக்கணக்கான நோயாளிகள் தேவை. அந்த ஆயிரங்களில் சிலரைப் பிடித்துத் தரும் வேலை எங்களுக்கு வந்தது.

எங்கள் ஆய்வின் தலைவர் டாக்டர் ஞானராஜ். சி.எஸ்.ஐ. சபைக் குடும்பம், ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும் ஆஸ்பத்திரியில் இருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் இன்னும் தாழ்த்துவார். காதைக் கிட்டத்தில் கொண்டுபோனால்தான் திட்டு விழும். யார் வந்தாலும் முதலில் செருப்பைக் கழற்றச் சொல்வார். முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல், கட்டைவிரலை வைத்து அழுத்திவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். அவசரப்படமாட்டார். விரலை எடுத்தபின் பள்ளம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பார். அதற்கப்புறம்தான் காகிதங்களைத் தொடுவார். நோயாளிகளின் வாயை அவர் நம்புவதில்லை. காரணம் உண்டு. எங்கள் ஊரில் டாக்டரிடம் குறை சொல்வது அவருடைய வைத்தியத்தைக் குறை சொல்வதற்குச் சமம். அதனால் மூச்சு நின்றுகொண்டிருக்கும்போதும் "பரவால்லீங்க" என்றுதான் சொல்வார்கள். பக்கவிளைவுகளைக் கேட்டு எழுத வேண்டிய எனக்கு இந்த மரியாதையைவிடப் பெரிய எதிரி இல்லை.

அவருக்கு ஒரு வாசகம் உண்டு. எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அவர் சொன்னால் வேதம்போல் இருக்கும்: "எழுதாதது நடக்கவில்லை, சிவகாமி."

ஆய்வு மாத்திரை புதுவகை. ரத்தத்தில் மிஞ்சும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளும். வந்தவர்களில் பாதிப் பேருக்குக் குலுக்கல் முறையில் அது. மீதிப் பேருக்கு அதே நிறம், அதே வடிவத்தில் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. டப்பாவின் மேல் எண் மட்டும் இருக்கும். இதில் ஒரு வேடிக்கை. மருந்து உள்ளே போனால் சிறுநீரில் சர்க்கரை கொட்டும். ஒரு சாதாரணச் சோதனையில் குட்டு உடைந்துவிடும். ஆகவே ஆய்வில் இருப்பவர்களுக்குச் சிறுநீர்ச் சர்க்கரை பார்க்கவே கூடாது என்று விதி. சர்க்கரை நோய்ப் பிரிவில் சிறுநீரில் சர்க்கரை பார்க்கத் தடை. நல்ல விதி, காரணத்தோடு போட்ட விதி. எங்கள் விதிகள் எல்லாமே அப்படித்தான்.

இதயக் கோளாறு ஏற்கெனவே வந்தவர்கள்தான் இந்த ஆய்வுக்கு வேண்டும். கோட்டைமேட்டுப் பாத்திரக் கடை பாய் ஒருவர், பைபாஸ் ஆனவர், நான் ஒப்புதல் படிவத்தை முழுவதும் படித்து முடித்தபின் கேட்டார்: "பரீட்சை மாத்திரைக்கா, எங்களுக்காங்க சிஸ்டர்?" மாத்திரைக்குத்தான் என்றேன். "அப்பச் சரி. பெயிலானா மாத்திரைதானே பெயிலு" என்று கையெழுத்துப் போட்டார். எங்கள் படிவத்தை அவ்வளவு சுருக்கமாகப் புரிந்துகொண்டவர் வேறு யாரும் இல்லை.

சின்னச்சாமியும் மயிலாத்தாளும் சேர்ந்து வந்தார்கள். அவருக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு சிறிய லேத் பட்டறை. மோட்டார் பம்புக்கு உதிரிப் பாகம் கடைந்து கொடுப்பார். இரும்பில் மயிரிழை அளவு கூடினாலும் குறைந்தாலும் பொருள் திரும்பி வந்துவிடும் தொழில். அவருக்கு ஒருமுறை மாரடைப்பு வந்து, ஆஞ்சியோ செய்து, ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். மனைவிக்கும் சர்க்கரை. பிள்ளைகள் இல்லை. இருவருமே ஆய்வுக்குத் தகுதியா என்று பார்க்கச் சொன்னார்.

மயிலாத்தாளின் காலில் டாக்டர் கட்டைவிரலை வைத்தார். எடுத்தபின் குழி அப்படியே நின்றது. மூச்சு வாங்குமா என்று கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"படுக்கறப்ப மூணு தலவாணி வெக்கறயே, அதைச் சொல்லு" என்றார் சின்னச்சாமி.

"தலவாணி சின்னதுங்க" என்றார் மயிலாத்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. மூன்று தலையணை என்பதை அவரே எழுதிக்கொண்டார். முன்பு எப்போதாவது மார் அடைத்ததா என்று கேட்டதற்கு, ஒரு கல்யாண வீட்டில் வேலை செய்தபோது மேலெல்லாம் வேர்த்து, நெஞ்சில் கல் வைத்தாற்போல் இருந்ததாகவும், வாயுப் பிடிப்பு என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் பந்தியைக் கவனித்ததாகவும் சொன்னார். இசிஜி படத்தில் அந்தக் கல்யாண வீடு தெரிந்தது. இதயத்தின் ஒரு பக்கம் தழும்பாகியிருந்தது. கணவனுக்கு வந்தது மாரடைப்பு, ஆம்புலன்ஸ் வந்தது. மனைவிக்கு வந்தது வாயு, ஓமம் வந்தது. சர்க்கரை நோயில் நரம்பு மரத்துப்போனவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, இப்படி வலியில்லாமல் வந்துபோவது புதிதல்ல. என் மருந்தகக் காலத்தில் வாயுவுக்கு மாத்திரை கேட்டு வந்த பெண்களுக்கு நானும் கேட்டதையே எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

ரத்தப் பரிசோதனை வந்தது. மயிலாத்தாளின் சிறுநீரகச் செயல்திறன் ஆய்வில் குறித்த அளவுக்குச் சற்றே கீழே இருந்தது. மாத்திரை சிறுநீரகம் வழியாகத்தான் வேலை செய்கிறது; தளர்ந்த சிறுநீரகத்துக்கு அது என்ன செய்யும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அவரைச் சேர்க்காமல் விட்டது அவருடைய பாதுகாப்புக்காக.

சின்னச்சாமி என் மேசைக்கு வந்தார். "ஏனுங்கம்மணி, எனக்காச்சும் ஸ்டென்ட்டு வெச்சு ஓடிட்டிருக்குது. அவளுக்குத்தானுங்க முடியல. நல்லா இருக்கறவனுக்கு மாத்திரை, முடியாதவளுக்கு இல்லீங்களா?"

விளக்கினேன். விளக்குவதில் நான் கெட்டிக்காரி. விளக்கி முடித்தபோது மயிலாத்தாள் எழுந்து, "சரிங்க, நம்மளால உங்களுக்கு எதுக்குங்க சங்கடம்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

அவருக்கு அன்றைக்கு இருந்த வழக்கமான மருந்துகளை டாக்டர் எழுதிக் கொடுத்தார். சின்னச்சாமி ஆய்வில் சேர்ந்தார். பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை என்று படித்துக் காட்டியபோது, "எங்க பட்டறையில டம்மி பீசு குடுத்தா பார்ட்டி மூஞ்சில அடிச்சுப்போடுவானுங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

இனி அந்த வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறை வரும்போதும் நோயாளி பழைய டப்பாவைக் கொண்டுவர வேண்டும். அதில் சில மாத்திரைகள் கூடுதலாகவே வைத்திருப்பார்கள். மீந்ததை நான் தட்டில் கொட்டி, ஒரு சிறிய கரண்டியால் தள்ளித் தள்ளி எண்ணுவேன். எத்தனை நாள் ஆயிற்று, எத்தனை மீந்தது என்று கணக்குப் பார்த்தால் ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்பது தெரியும். எண்ணி, மூடி, முத்திரை வைத்து, எரிப்பதற்காக மருந்துக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். பழையதைத் தந்தால்தான் புதியது. பெரும்பாலானவர்களுக்குக் கணக்கு உதைக்கும். கல்யாணத்துக்குப் போனேன், மறந்துவிட்டேன், எலி தின்றுவிட்டது என்பார்கள். சின்னச்சாமியின் கணக்கு மட்டும் ஒருமுறையும் பிசகியதில்லை. மைக்ரோமீட்டர் பிடித்த கை. நான் எண்ணும்போது எதிரில் உட்கார்ந்து, பரீட்சை பேப்பர் திருத்துவதைப் பார்க்கும் பையனைப்போல் பார்ப்பார். "சரியா இருக்குதுங்களா?" என்பார். சரியாக இருக்கிறது என்றால் அத்தனை திருப்தி. பெங்களூரிலிருந்து சோதிக்க வந்த கம்பெனிக்காரர், இப்படி நோயாளி கிடைப்பது அதிர்ஷ்டம் என்றார். டாக்டர் ஞானராஜ் மட்டும் ஒருமுறை தாழ்ந்த குரலில், "ரொம்ப நல்லா இருக்கே" என்றார். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டோம்.

அவருடைய சர்க்கரை பெரிதாக இறங்கவில்லை. வெற்று மாத்திரையாக இருக்கலாம். அல்லது பேக்கரியாக இருக்கலாம். சிறுநீரைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கக் கூடாது. ஒருமுறை, மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, கூச்சத்தோடு, அந்த இடத்தில் அரிப்புக்குக் களிம்பு வேண்டும் என்றார். சர்க்கரை வெளியேறும் பாதையில் பூஞ்சை வருவது இந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு. பெண்களுக்கு அதிகம், ஆண்களுக்கும் வரும். அவர் பெயரில் எழுதி, களிம்பு கொடுத்தனுப்பினேன்.

வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டால் முகம் மலரும். இப்போது தேவலாம், கோயில் படி ஏறுகிறாள், தலையணை ஒன்றுதான் என்பார். டாக்டர் எழுதிக் கொடுத்த வழக்கமான மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தோம். நாம் கொடுத்ததுதான் வேலை செய்கிறது என்று நினைப்பது டாக்டர்களுக்கும் கோ-ஆர்டினேட்டர்களுக்கும் பொதுவான நோய்.

ஒரு நாள் முற்பகலில் பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருக்கும்போதே சின்னச்சாமி சரிந்தார். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் மெஷினை நிறுத்திவிட்டு அவரைத் தூக்கியபோது உயிர் இல்லை. இரண்டாவது மாரடைப்பு. ஆய்வில் இருப்பவர் இறந்தால் ஒரு நாளுக்குள் கம்பெனிக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தோம். கடைசி டப்பா வீட்டிலிருந்து வரவில்லை. அதையும் திரும்பப் பெற வேண்டும். இறப்பு அதற்கு விலக்கு அல்ல. காரியம் முடியட்டும் என்று காத்திருந்துவிட்டுப் போன் செய்தேன். நாளைக்கே கொண்டுவருகிறேன் என்றார் மயிலாத்தாள்.

தனியாகப் பஸ்ஸில் வந்தார். மஞ்சள் பையிலிருந்து டப்பாவை எடுத்து, கணவர் வைப்பதுபோலவே, லேபிள் என் பக்கம் திரும்பியிருக்கும்படி வைத்தார். கணவர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தட்டில் கொட்டி எண்ணினேன். குறைந்தது. மறுபடி எண்ணினேன். அவர் இறந்த நாளோடு கணக்கு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அன்று காலை வரை, ஒரு நாளும் தவறாமல், தினம் ஒன்று குறைந்திருந்தது. இறந்த மனிதர் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார்.

"சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டார் மயிலாத்தாள்.

அவர் போன பிறகும் மாத்திரை குறைந்திருக்கிறதே என்றேன்.

"நான் தானுங்க திங்கறேன்" என்றார். ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. "மொதல்ல இருந்தே நான் தானுங்க. அவரு ஒண்ணுகூடத் தின்னதில்லீங்க."

பிறகு மெதுவாகச் சொன்னார். முதல் டப்பாவை வாங்கிப் போன அன்றைக்கே சின்னச்சாமி ஒரு மாத்திரையை எடுத்து இவர் கையில் வைத்தாராம். ஒரு வாரம் தின்று பார், டம்மியாக இருந்தால் ஒன்றும் ஆகாது என்றாராம். இரண்டு பேருக்கும் ஒரே சர்க்கரைதானே, ஒருவருக்குக் கேட்பது இன்னொருவருக்குக் கேட்காதா என்பது அவர் கணக்கு. எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் இருக்கும் கணக்கு அது. மாமியார் மாத்திரையை மருமகளும், அண்ணன் மாத்திரையைத் தம்பியும் தின்னும் ஊர். வாரம் முடிவதற்குள் கால் வீக்கம் வற்றியது. அவ்வளவு சந்தோஷமாம் அவருக்கு. "நமக்கு உழுந்தது நல்ல பீசுதான், அப்படீன்னாருங்க. நீங்களும் தின்னுங்கன்னேன். எனக்கு ஸ்டென்ட்டு வெச்சுபோட்டாங்க, உனக்கு என்ன வெச்சாங்க அப்படீன்னுபோட்டாருங்க."

டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பழசைக் குடுத்தா புதுசு குடுப்பீங்கன்னு சொல்வாருங்க. இனி நான் வந்து வாங்கிக்கலாங்களா?"

அரிப்புக்குக் களிம்பு வாங்கினது யாருக்கு என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை. மயிலாத்தாளின் பக்கவிளைவு கணவர் பெயரில் இருந்தது. அவருடைய கால், அவருடைய ஒற்றைத் தலையணை, அவர் ஏறிய கோயில் படிகள் எதுவும் எங்கும் இல்லை.

டாக்டரிடம் அழைத்துப் போனேன். முழுவதையும் கேட்டார். செருப்பைக் கழற்றச் சொன்னார். கட்டைவிரலை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, எடுத்தார். குழியே விழவில்லை. தாழ்வாரத்தின் கோடிவரை நடக்கச் சொன்னார்; மயிலாத்தாள் போய், திரும்பி வந்து, மூச்சு வாங்காமல், "இன்னொருக்கா போகட்டுங்களா?" என்றார். டாக்டர் வேண்டாம் என்றார். அவர் முகத்தில் நான் அதற்கு முன்பும் பின்பும் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். ஒரு டாக்டர் வாழ்நாளெல்லாம் தேடும் காட்சி அது. அது ஆய்வுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது.

நடந்ததை நடந்தபடி எழுதினார். இந்தப் பெண்ணுக்கு மருந்தைத் தொடர்ந்து தர அனுமதி வேண்டும் என்று கம்பெனியைக் கேட்டார். பதில் உடனே வந்தது. அவர்கள் மயிலாத்தாளைப் பற்றி நிறையக் கேள்வி கேட்டார்கள். எங்கள் நாட்டில் இவ்வளவு அக்கறையோடு அவரைப் பற்றி யாரும் கேட்டதில்லை. ஆய்வுக்குத் தெரியாமல் மருந்து உட்கொண்ட வெளியாள் என்பது அவர்கள் கவலை. தொடர்ந்து தர முடியாது: அவர் பதிவு செய்த நோயாளி அல்ல, தகுதி இல்லை என்று நாங்களே எழுதியிருக்கிறோம், மருந்தின் பலன் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. மூன்றும் உண்மை. விதிமீறல் என்ற தலைப்பில், கணவரின் எண்ணுக்குக் கீழே, மயிலாத்தாள் ஒரு வரியானார்.

சின்னச்சாமி அவர் குலுக்கலில் விழுந்த பிரிவிலேயே கணக்கில் நின்றார். விழுங்கினாரா இல்லையா என்பது பொருட்டல்ல. எந்தப் பிரிவில் சேர்த்தோமோ அந்தப் பிரிவில்தான் எண்ண வேண்டும். பின்னால் வசதிக்கேற்ப ஆட்களை மாற்றிப் போட்டால் ஆய்வே பொய்யாகிவிடும். இதுவும் நல்ல விதி. நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்த விதி. ஆய்வு முடிந்து டப்பா எண்கள் திறக்கப்பட்டபோது தெரிந்தது: அவருக்கு விழுந்தது நல்ல பீசுதான். ஆக, மருந்து சாப்பிட்டும் மாரடைப்பில் இறந்தவர் என்று அவர் எண்ணப்பட்டார். ஒன்றுகூட வாயில் போடாதவர்.

அன்றைக்கு மீந்த மாத்திரைகளை நான் திரும்ப டப்பாவில் போட்டு மூடினேன். மயிலாத்தாள் பார்த்துக்கொண்டிருந்தார். இது எங்கே போகும் என்று கேட்டார். எரித்துவிடுவார்கள் என்றேன். அதை எனக்கே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். அவர் கேட்கவில்லை. டப்பாவை என் பக்கம் ஒரு விரல் அளவு நகர்த்திவிட்டு, "வெச்சுக்குங்க" என்றார்.

மாதங்கள் போயின. அந்த மருந்து கடைக்கு வராத காலம். கையில் இருந்த மருந்துகளை எல்லாம் டாக்டர் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். நீர் பிரிய மாத்திரை கொடுத்தால் சிறுநீரகம் முனகியது. குறைத்தால் கால் வீங்கியது. கட்டைவிரல் பள்ளம் திரும்ப வந்தது, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றது. எப்படி இருக்கிறீர்கள் என்றால் நல்லாருக்கறனுங்க என்றார். இப்போது தலையணையைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை.

பிறகு முடிவுகள் வந்தன. இதய நோய் ஏற்கெனவே வந்த சர்க்கரை நோயாளிகளில், மருந்து சாப்பிட்ட பிரிவில் இதயத்தால் இறந்தவர்கள் குறைவு. இதயம் தளர்ந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களும் குறைவு. கெடுக்கவில்லை என்று காட்டப் போன மாத்திரை காக்கிறது என்று தெரிந்தது. எல்லோருக்கும் ஒரே அளவில் அல்ல. இதயத்தில் கோளாறு இல்லாதவருக்குப் பலன் சிறிது, இதயம் தளர்ந்தவருக்கும் சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் பெரிது என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்லின. நாங்கள் பாதுகாப்புக்காக வெளியே நிறுத்தியவர்கள்தான் அதிகம் பிழைக்கக்கூடியவர்கள். இனிப்பு வழங்கினார்கள், சர்க்கரை நோய்ப் பிரிவில்.

பேப்பரிலும் வந்தது. யாரோ மயிலாத்தாளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். மருந்தும் கடைக்கு வந்துவிட்டிருந்தது. அவர் டாக்டர் முன் உட்கார்ந்திருந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். டாக்டர் அவர் பெயருக்கே அந்த மாத்திரையை எழுதினார். சிறுநீரகம் இன்னும் தாங்கும் என்றார். தாளை நீட்டினார். மயிலாத்தாள் வாங்கி மடித்தார். எழுந்திருக்கவில்லை.

"ஏனுங் டாக்டரே, இதை அவரு தின்னிருந்தா இருந்திருப்பாருங்களா?"

டாக்டர் ஞானராஜ் யாரிடமும் பொய் சொன்னதில்லை. பல ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது சிலர் பிழைக்கிறார்கள், அந்தச் சிலர் யார் என்று சொல்ல முடியாது, சாப்பிட்டிருந்தாலும் போயிருக்கலாம், சாப்பிடாத எத்தனையோ பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். அதைவிடச் சரியாக அதை யாராலும் சொல்லியிருக்க முடியாது. மயிலாத்தாள் கடைசிவரை கேட்டார்.

"அப்ப, இருந்திருக்கவும் கூடுங்களா?"

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கூடுங்க" என்றார்.

"சரிங்க" என்றார் மயிலாத்தாள்.

வெளியே வந்து என் மேசையருகே நின்றார். மடித்த தாளை, முன்பு டப்பாவை வைத்த இடத்தில் வைத்தார். அது உங்களுக்கு எழுதியது, உங்கள் பெயர்தான் இருக்கிறது, கீழே மருந்தகத்திலேயே கிடைக்கும் என்றேன். வாங்க முடியாவிட்டால் நான் ஏற்பாடு செய்கிறேன் என்றும் சொன்னேன்.

"அதுக்கில்லீங்க அம்மணி" என்றார். "இது அவருதுங்க. ஒருக்கா தெரியாமத் தின்னுபோட்டேன்."

மூச்சு வாங்கியதால் கொஞ்சம் நின்றார். பிறகு, "போயிட்டு வாரனுங்க" என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கினார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. வீட்டில் வைத்திருந்த மற்ற மாத்திரைகளையும் நிறுத்திவிட்டார் என்று பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவர் பின்னால் சொன்னார். அந்த வருட மழை தொடங்கும் முன்பே முடிந்துவிட்டதாம்.

என் நாற்காலியில் இருக்கும் பெண் சென்ற மாதம் பழைய நோயாளிகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். மயிலாத்தாள் பெயரும் வந்தது. எந்த நோயாளிக்கு என்ன மருந்து என்ற இடத்தில், அன்று மேசையிலிருந்து எடுத்து நான் கோப்பில் சேர்த்த அந்தத் தாளின்படி, மாத்திரையின் பெயர் ஏறியிருக்கிறது. அதை வைத்து இப்போது ஏதோ புள்ளிவிவரம் எடுக்கிறார்களாம்: இந்த மாத்திரை கொடுத்தும் இறந்த பெண்கள்.

எழுதியிருக்கிறது. ஆகவே சாப்பிட்டார்.